ஜெபக் குறிப்பில் ஏறிய என் மூக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதக் கடைசியில் ஆரம்பித்த கதை இது. எங்கள் ஊர் கருங்கல் டவுனுக்குப் பக்கத்தில். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும், ஐந்து வயது மகளும், மாமியாரும். மாமியாரை எங்கள் பக்கத்தில் மாமி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு பாடத்தை வீடியோவாக எடுத்துத் தர வேண்டும் என்றார்கள். எனக்கு விழுந்த பாடம் சமச்சீர். வண்ணத்துப்பூச்சிப் படத்தை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும், அந்த மடிப்புக்குச் சமச்சீர்க் கோடு என்று பெயர். வருடா வருடம் நடத்துவதுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மொபைலை ஸ்டாண்டில் வைத்து எடுத்து முடித்து, வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். கரும்பலகையில் வண்ணத்துப்பூச்சி ஒழுங்காகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்று பாடம் நடத்திய முகம்தான் ஒழுங்காக இல்லை.

மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கண் வலது கண்ணைவிடச் சின்னது. சிரிக்கும்போது உதட்டின் ஒரு முனை மட்டும் மேலே போனது. கண்ணாடியில் இத்தனை வருடம் பார்த்துப் பழகிய சாய்வு, வீடியோவில் எதிர்ப்பக்கமாக மாறியதும் இரண்டு மடங்காகத் தெரிந்தது. காரணம் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் த்ரோபால் ஆடும்போது பந்து நேராக மூக்கில் வந்து அடித்தது. ரத்தம் வந்தது, ஐஸ் வைத்தார்கள், இரண்டு நாள் லீவு போட்டேன், அதோடு விஷயம் முடிந்தது. எலும்பு விலகியிருக்குமோ என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்த வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஒரு நாள் மகளின் ஸ்கேலை எடுத்து மொபைல் திரையில் நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் வைத்தே பார்த்தேன். கணக்கு டீச்சர் புத்தி வேறு எப்படிப் போகும்?

கணவரிடம் வீடியோ காலில் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியலியே, நல்லாத்தான இருக்கு?" என்றார். ஸ்டாஃப் ரூமில் தோழியிடம் சொன்னேன். "போடி, உனக்கென்ன குறை?" என்று கேட்டுவிட்டு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். இரண்டு பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு ஆறுதலுக்குப் பதில் கோபம்தான் வந்தது. ஒன்று, இவர்கள் பொய் சொல்கிறார்கள். இல்லையென்றால் இத்தனை வருடத்தில் என் முகத்தை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு குரூப் போட்டோவில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தேன். வகுப்பில் தேவைக்கு மேல் கரும்பலகையில் எழுதினேன், எழுதும்போது பிள்ளைகளுக்கு முதுகுதானே தெரியும். சர்ச்சில் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு ஜன்னல் ஓரம் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது. குழந்தை பெற்ற பிறகு இதற்கெல்லாம் வெட்கப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனேன். மூக்கைச் சரிசெய்யும் டாக்டர் ஒருவரை முன்பே விசாரித்து வைத்திருந்தேன். நல்ல பொறுமைசாலி. ஒரு நீலத் திரைக்கு முன் நிறுத்தி நேராக, பக்கவாட்டில், கீழிருந்து என்று படம் எடுத்தார். மூச்சு விடச் சிரமம் உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லியிருந்தால் வீட்டில் காரணம் சொல்ல வசதியாக இருந்திருக்கும், ஆனால் இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். மூக்கை நேராக்கலாம், முகத்தின் இரண்டு பாதியையும் ஒன்றாக்க முடியாது, அப்படி ஒரு முகம் யாருக்கும் கிடையாது என்றார். இரண்டு வாரம் மூக்கின்மேல் கட்டு இருக்கும், வீக்கம் முழுதாக வடியப் பல மாதம் ஆகும். மே முதல் வாரத்தில் தேதி வாங்கிக்கொண்டேன், பள்ளிக்கும் லீவு. கணவர், "உனக்கு வேணும்னு தோணிச்சுன்னா செய். அம்மைக்கிட்ட மட்டும் எதாவது சொல்லிட்டுப் போ" என்றார்.

அந்த 'எதாவது'தான் வினையாகிவிட்டது.

மாமியிடம் மூக்கு விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இப்படிச் சொன்னேன்: "மாமி, மே மாசம் எனக்கு திருவனந்தபுரத்துல ஒரு சின்ன ஆப்பரேஷன் உண்டு. பயப்பட ஒண்ணும் இல்ல. யாருட்டயும் சொல்லாண்டாம்."

இதைவிடத் தப்பாக ஒரு விஷயத்தைச் சொல்லவே முடியாது. எங்கள் மாவட்டத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, திருவனந்தபுரத்தில் ஆப்பரேஷன் என்று சொன்னால், கேட்பவர் என்ன நோய் என்று கேட்க மாட்டார். அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு நோய்க்காகத்தான் போகிறார்கள், அதன் பெயரையும் யாரும் வாயால் சொல்வதில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றது சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றது அதை உறுதி செய்திருக்கும். சந்தையில் மீன் வாங்கி வந்தாலே எங்கே, யாரிடம், எப்போது பிடித்தது என்று மூன்று கேள்வி கேட்கும் மாமி, அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மாமி வாக்குத் தவறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஜெபக் குறிப்பில் எழுதினார்கள், அவ்வளவுதான். எங்கள் சர்ச்சில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அதை வாசித்து எல்லோரும் ஜெபிப்பார்கள். அதில் எழுதுவதை எங்கள் ஊரில் ஒருவரும் 'வெளியே சொன்னது' என்று கணக்கில் எடுப்பதில்லை. கர்த்தரிடம்தானே சொல்கிறோம்! பெயர் போடக் கூடாது என்ற நேர்மையும் மாமிக்கு இருந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு மகள், கணவர் வெளிநாட்டில், சிறு பெண் குழந்தையின் தாய், ஆசிரியை, மே மாதம் திருவனந்தபுரத்தில் ஆப்பரேஷன். எங்கள் சபையில் மொத்தம் எண்பது குடும்பம். அது வாசிக்கப்படும்போது முதல் வரிசையில் மாமி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்களாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊர் திடீரென்று என்னிடம் நன்றாக நடந்துகொண்டது என்பதுதான். வேலிப் பிரச்சினையில் இரண்டு வருடமாக முகம் கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடித்து, "நடந்தத எல்லாம் மனசுல வைக்காத மக்களே" என்றாள், எங்கள் பக்கத்தில் வயதில் சின்னவர்களைப் பாசமாக மக்களே என்போம். பள்ளியில் தலைமையாசிரியை, பரீட்சைப் பேப்பர்களை நான் திருத்த வேண்டாம் என்று தானே வாங்கிக்கொண்டார். கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்து, என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள்.

வந்தவர்களில் ஒருத்தி முள்ளுச்சீத்தாப் பழம் ஒன்று கொண்டுவந்தாள். சரி, வீட்டில் காய்த்ததாக்கும் என்று வாங்கி வைத்தேன். மறுநாள் இன்னொருத்தி கொண்டுவந்தாள். மூன்றாவதாக ஒருத்தி பழத்தோடு இலையும் ஒரு கட்டுக் கொண்டுவந்து, காலையில் வெறும் வயிற்றில் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. முள்ளுச்சீத்தா அந்த நோய்க்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. யாருக்கு அந்த நோய் வந்தாலும் அவர்கள் வீட்டில் இந்தப் பழம் குவிந்துவிடும். எங்கள் ஃபிரிட்ஜில் மூன்று பழம் இருந்தது.

உள்ளே ஓடிப்போய் மாமியைப் பிடித்தேன். முதலில் மாமி அழுதார்கள், பிறகு எல்லாம் சொன்னார்கள். நானும் எல்லாம் சொன்னேன். மாமி அழுகையை நிறுத்திவிட்டு என் மூக்கையே பார்த்தார்கள்.

"மூக்குக்கா? உனக்க மூக்குக்கு என்ன மக்களே?"

"வளைஞ்சிருக்கு மாமி."

"எங்க வளைஞ்சிருக்கு? ஒண்ணும் இல்லியே!" என்றார்கள். பிறகு, "நான் ரெண்டு வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தேனே" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமியே ஒரு வழியும் சொன்னார்கள். ஆப்பரேஷனை முடித்துக்கொண்டு வா, சுகமாகிவிட்டது என்று சர்ச்சில் சாட்சி சொல்லிவிடலாம். சுகமாவது என்னவோ உண்மைதானே என்று வாதம் வேறு. நான் முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்களிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முந்திய நாள், சனிக்கிழமை மத்தியானம், எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா வந்தார். ஐம்பது வயது தாண்டியவர், கணவர் இல்லை. முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் அண்டியாபீஸ் என்போம், அங்கே பருப்பு உரித்துத் தரம் பிரிக்கும் வேலை. மகன் கப்பலில், மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு. அதிகம் பேசாதவர். ஒரு சீப்பு மட்டிப்பழத்தை என் கையில் தந்துவிட்டு அடுக்களை வாசலில் தரையில் உட்கார்ந்தார். நாளைக்குச் சொல்வதை இவரிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பிள்ளே, உனக்கு பயம் இல்லியா?" என்று கேட்டார்.

"அக்கா, நீங்க நினைக்கிய மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில், கக்கத்துக்குக் கீழே வைத்தார். சேலைக்கு உள்ளே ஒரு முந்திரிக்கொட்டை அளவில் கட்டியாக, அசையாமல் இருந்தது.

"ஏழு மாசமாச்சு. யாருட்டயும் சொல்லல்ல. உனக்க காரியம் கேட்ட பிறகு, இந்தச் சின்னப் பிள்ளையே தைரியமாப் போறா, நமக்கென்னன்னு தோணிச்சு. நீ போவும்ப என்னையும் கூட்டிட்டுப் போவியா?"

அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு, சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போயிருப்பார். ஏழு மாதம் எட்டாகும், பத்தாகும். இல்லாத என் நோயைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை தூரம் வந்திருக்கிறார். அதை அவர் கையிலிருந்து பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"திங்கக்கிழமையே போவோம் அக்கா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் வாயைத் திறக்கவில்லை. மாமியிடம் மட்டும் காரணத்தைச் சொன்னேன். மாமி திங்கட்கிழமை காலை எங்கள் இரண்டு பேருக்கும் இட்லி கட்டிக் கொடுத்தார்கள்.

ரயிலில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். குழித்துறை தாண்டியதும், "உனக்கு எங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "மூக்குலயும் வருமா மக்களே?" என்றார். நான் "ம்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிகச் சின்னது அதுதான், இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுவதும் அதற்குத்தான். ஆட்கள் நிறைந்த பெட்டியில் அக்கா எழுந்து நின்று, என் தலையில் கை வைத்து, என் மூக்குக்காக ஜெபம் செய்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் இடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு நாலா பக்கமும் கேட்டது. "நீயும் சீட்டு எடு" என்றார் அக்கா. எனக்கு வேறு இடம் என்றேன், அது பொய்யில்லை. அங்கே கன்னத்தில் பாதியை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டிருந்த ஒருவர், தன் பேரக் குழந்தையிடம் மொபைலில் கொஞ்சலாகப் பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் என் மூக்கைப் பற்றிய நினைப்பே போய்விட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை அப்படி இல்லை. லிஃப்ட்டின் ஸ்டீல் கதவில் என் முகம் தெரிந்தபோது அங்கேயும் நான் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன்.

ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் போனோம். அந்த நோய்தான். வேறு எங்கும் பரவவில்லை, ஆனால் மார்பை முழுவதும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்கா தலையை ஆட்டினார். திரும்பி வரும் ரயிலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நேரத்தே வந்திருந்தா முழுசும் எடுக்காண்டாமா இருந்திருக்கும், இல்லியா?" தெரியவில்லை என்றே சொன்னேன்.

அக்காவுக்கு ஆப்பரேஷன் தேதி கிடைத்தது, என் தேதிக்கு இரண்டு நாள் முன்பு. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு கூட நிற்பவருக்கு பைஸ்டாண்டர் என்று பெயர், அதற்கு ஆள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மகன் கப்பலிலிருந்து நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. மகளுக்குப் பிரசவமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை, அவளிடம் சொல்லவே கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தார். நான் என் டாக்டரின் கிளினிக்கைக் கூப்பிட்டு, வர முடியாது என்றேன். வேறு தேதி வேண்டுமா என்று கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உள்ளுக்குள் ஏமாற்றமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நிறையவே ஏமாற்றமாக இருந்தது.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். வார்டில் நர்ஸ் வந்து அக்காவின் மார்பில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனாள். அக்கா சட்டையை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார், "எனக்க காரியம் முடிஞ்சா, உனக்கு நான் வந்து நிப்பேன் கேட்டியா. உனக்க ஆப்பரேஷன் எந்தக் கெட்டிடத்துல?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீடியோ, ஸ்கேல், மாமி, ஜெபக் குறிப்பு, ரயிலில் சொன்ன "ம்" வரைக்கும்.

"நோய் இல்லியா?" என்றார் அக்கா.

"இல்ல அக்கா."

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணும் இல்ல. மூக்கு நேராக்கத்தான்."

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டீ வந்தது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு இரணியலுக்கு ரயில் ஏறிவிட்டால் நான் என்ன செய்வேன்? இன்னும் ஒரு ராத்திரி என் வாயை அடக்கியிருக்கக் கூடாதா? என் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள இவருடைய உயிரை வைத்து விளையாடிவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துவிட்டது.

"லைட்டப் போடு" என்றார் அக்கா. போட்டேன்.

"இஞ்ச வா. முகத்தக் காட்டு."

குனிந்தேன். அக்கா எழுந்து உட்கார்ந்து, என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். அண்டியாபீஸில் ஒரு பருப்பை முழுசா உடைசலா என்று பார்ப்பதுபோல, அவசரமே இல்லாமல் பார்த்தார். விரலில் ஆலைக் கறை கருப்பாக ஏறியிருந்தது.

"ஆமா பிள்ளே. வலத்தோட்டு சரிவு உண்டு. கண்ணும் ஒண்ணு சின்னது. இது வரைக்கும் நான் பாத்ததில்ல" என்றார்.

நான் விம்மி அழுதுவிட்டேன். அத்தனை பேரிலும் 'ஆமாம்' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நாளைக்குக் காலையில் ஆப்பரேஷன் மேஜையில் படுக்கப் போகிற ஒருவர், என் மூக்கை இவ்வளவு அக்கறையாகப் பார்த்துச் சொல்கிறார்.

"அழாத. நோயில்லன்னு சொன்னியே, அதுக்கு கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அத முதல்ல சொல்லணும்னு இருந்தேன், கோவம் விடல்ல" என்றார். பிறகு தன் பாட்டுக்குப் பேசுவதுபோல அவரே சொன்னார், "எல்லாரும் நான் சாவுக்குப் பயந்து மறைச்சேன்னு நினைப்பாவ. அது இல்ல. ஒரு பக்கம் இல்லாம எப்படி நாலு ஆளுக்கு முன்ன போய் நிக்கியதுன்னுதான் ஏழு மாசம் மூடி வச்சேன். இந்த வயசுல யாரு பாக்கப் போறான்னு நீயும் சொல்லுவ."

"சொல்ல மாட்டேன் அக்கா."

"நாளைக்குக் கழிஞ்சு நான் கண்ணாடி முன்ன நின்னு அழுதா, உயிர் இருக்கே அது போதாதான்னு சொல்லப்பிடாது."

"சொல்ல மாட்டேன்."

"சரி, அந்த டீ ஆறியிருக்கும். வேற ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார்.

ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகு மருந்து ஏற்ற ஆறு தடவை போய் வந்தோம், முடி கொட்டியது, மறுபடியும் முளைத்தது. இப்போது அக்கா வேலைக்குப் போகிறார். தூக்கி இறக்கும் வேலை மட்டும் தருவதில்லை. தையல் பிரித்த வாரம், சொன்னபடியே ஒரு நாள் கண்ணாடி முன் நின்று அழுதார். நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை.

சர்ச்சில் பெண்களிடம் என் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். முள்ளுச்சீத்தா இலை கொண்டுவந்தவள், தெரிந்திருந்தால் அதற்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயிருக்க மாட்டேனே என்றாள், அதுவும் நியாயம்தான். வேலி வீட்டுக்காரி மட்டும் சமாதானத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மாமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஜெபம் ஒண்ணும் வீணாப் போவல்ல, மூணு வீடு தள்ளிப் போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி வாயை அடைத்தார்கள்.

அக்காவுக்கு ரவிக்கைக்கு உள்ளே வைத்துக்கொள்ள ஒரு சின்ன மெத்தையைத் தைத்துக் கொடுத்ததும் மாமிதான். மெல்லிய பருத்தித் துணி, உள்ளே பஞ்சு, கனத்துக்கு ஒரு பிடி கடுகு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் அக்கா எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் நிமிர்ந்து நிற்பார். "பிள்ளே, ரெண்டும் நேரா இருக்கா, பாரு" என்பார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்ப்பேன். சில நாள் நேராக இருக்கும். சில நாள், "இடப்பக்கம் கொஞ்சம் மேல ஏறியிருக்கு அக்கா" என்று சொல்லிக் கீழே இறக்கிவிடுவேன். பிறகு என் முறை. அக்கா என் முகத்தைப் பார்த்து, "சரிவு அப்படியேதான் இருக்கு, வா போவோம்" என்பார்.

என் மூக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்த டாக்டரின் நம்பரும் மொபைலில் இருக்கிறது. அடுத்த கோடை லீவில் போனாலும் போவேன், போகாமலும் இருப்பேன். போனால் கூட நிற்பது அக்காதான், அது முடிவாகிவிட்டது. ஒன்று மட்டும் எனக்குள் மாறிப்போனது. வகுப்பில் ஒரு பிள்ளை தன் பல்லையோ காதையோ காட்டி, "டீச்சர், இது அசிங்கமா இருக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போய் உக்காரு" என்று முன்பெல்லாம் சட்டென்று சொல்லிவிடுவேன், இப்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை காட்டும் இடத்தை முதலில் நன்றாகப் பார்க்கிறேன்.